பி.காம். படிக்கிறவனுக்கு பைனரி எதற்கு?

போளூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நண்பன் கேட்ட கேள்விதான் தலைப்பு. பைனரி புரோகிராமை ரெக்கார்டு நோட்டில் அப்படியே பார்த்து எழுதிவிட்டு வந்து கேட்கிறான்!

அதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது? 13-ஐ 2-ஆல் வகுத்துக்கொண்டே போங்கள். மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் 1101. ஒரு லூப் போதும்.

இப்போது பத்து பைசாவை, அதாவது ரூபாயில் 0.1-ஐ மாற்றுங்கள். பின்னம் என்பதால் 2-ஆல் பெருக்க வேண்டும். 0.2, 0.4, 0.8, 1.6. முன்னால் உள்ள 1-ஐ எடுத்துவிட்டு 0.6-ஐப் பெருக்கினால் 1.2. அதிலும் 1-ஐ எடுத்தால் மறுபடி அதே 0.2! முடியவே முடியாது. கம்ப்யூட்டர் எங்கேயோ வெட்டித்தான் ஆகவேண்டும்.

துளி வெட்டுதானே என்கிறீர்களா? 1991 பிப்ரவரி 25, சவுதியின் தஹ்ரான். பேட்ரியட் ஏவுகணை அமைப்பு இதே 0.1-ஐ 24 பிட்டில் வெட்டி நேரத்தைக் கணக்கிட்டது. 100 மணி நேரத்தில் 0.34 வினாடி பிசகு. வந்த ஸ்கட் ஏவுகணையைக் கோட்டைவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள்.

பைத்தானில் 0.1 + 0.2 == 0.3 என்று கேட்டுப் பாருங்கள், தவறு என்று பதில் வரும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பணத்தைப் பைசாவாக, முழு எண்ணாக வைக்கிறார்கள்.

ஒரு ரூபாய் இடித்தாலும் டேலி ஆகவில்லை என்று ராத்திரி முழுக்க உட்காரப்போவது நாம்தானே? நமக்கு வேண்டாமென்றால் வேறு யாருக்கு வேண்டும்?