கிழக்கு பார்த்த பூ

இந்த வாரம் எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு தாள் வந்தது. மழை இல்லை, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கிக்கொள்ளுங்கள் என்று வேண்டுகோள். நியாயமான வேண்டுகோள். ஆனால் தாள் வந்த அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருந்தன. எல்லாம் புல்லுக்காக.

எனக்கும் புல்தரைக்கும் உள்ள தகராறு இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குப் பழைய கதை. பொறுத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை சொல்லியாக வேண்டும். நாஷ்வில் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் வளர்ப்பது ஃபெஸ்க்யூ. ஐரோப்பாவிலிருந்து வந்த, குளிர் விரும்பும் புல். டென்னசியின் ஜூலை வெயிலில் அது பழுப்பாகிக் கொஞ்ச காலம் ஓய்ந்துகிடக்கப் பார்க்கும். அதை ஓய விடாமல் தண்ணீரை அடித்து அடித்துப் பச்சையாகவே நிறுத்திவைக்கிறோம். வேலிக்கு இந்தப் பக்கம், இந்த மண்ணிலேயே பிறந்த ஒரு செடி சொட்டுத் தண்ணீர் கேட்காமல் பூத்து நிற்கிறது.

கோன்ஃபிளவரைத்தான் சொல்கிறேன். ஜலதோஷத்துக்கு விற்கும் எக்கினேசியா மாத்திரை இந்தக் குடும்பத்துச் செடிகளிலிருந்து வருவதுதான். நடுக்கூம்பை விரலால் தொட்டுப் பாருங்கள், முள்ளெலியைத் தடவுவதுபோல இருக்கும். எக்கினேசியா என்ற பெயருக்கு மூலமான எக்கினோஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கும் முள்ளெலி என்றுதான் பொருள். அந்த ஆரஞ்சு முட்களுக்கு நடுவேதான் நிஜமான பூக்கள், நூற்றுக்கணக்கில், பொடிப்பொடியாக இருக்கின்றன. அடியிலிருந்து மேலே வட்டம் வட்டமாக மலரும். தேனீயும் அந்த வட்டத்திலேயே சுற்றிச் சுற்றி வரும்.

நாலு வருஷம் முன்பு இரண்டு வகை வாங்கினேன். இரண்டின் அட்டையிலும் ‘வறட்சியைத் தாங்கும்’ என்று போட்டிருந்தது. ஊதா கோன்ஃபிளவர் முதல் கோடையிலேயே தலை தொங்கிவிட்டது. அதன் வேர் மேலாகப் படரும் சல்லிவேர். வேர் பிடிக்கும்வரை, முதல் ஒன்றிரண்டு கோடைகளுக்கு, வாரம் ஒரு தடவை காலையில் அடிமண் நனைய ஊற்றி, மேலே சருகு மூடாக்குப் போட வேண்டும். அப்படிச் செய்தேன், பிழைத்துக்கொண்டது.

இன்னொன்று டென்னசி கோன்ஃபிளவர். ஒல்லி இலை, நேரே கீழே இறங்கும் ஆணிவேர். அதற்குப் பார்த்துப் பார்த்துத் தொழுவுரம் போட்டேன், தண்ணீர் ஊற்றினேன். மூன்று செடியும் அழுகிப் போயின. பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இவ்வளவு நல்ல மண்ணு அதுக்கு ஆகாதும்மா” என்றார். எங்கேயோ இடித்த கட்டடத்திலிருந்து ஒரு வண்டி சுண்ணாம்புக்கல் ஜல்லியும் கொண்டுவந்து கொட்டினார்.

அவர் சொன்னது எனக்கு விளங்கியது, அந்தச் செடி தானாக வளரும் கௌச்வில் தேவதாரு வெளிக்குப் போன பிறகுதான். தேவதாரு என்பது ஊர் வழக்கு. உண்மையில் அது ஜூனிப்பர். அந்த மரங்களுக்கு நடுவே மொட்டைச் சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் விரலாழ மண். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் சதசதவென்று நீர் நிற்கும். கோடையில் செருப்பைத் தாண்டிச் சுடும். இப்படிப்பட்ட இடத்தை ஊரார் என்ன செய்வார்கள்? தரிசு என்று சொல்லிக் குப்பை கொட்டினார்கள். வீடு கட்டினார்கள்.

அப்படிப்பட்ட தரிசு வெளிகளை வாழ்நாளெல்லாம் நடந்து பார்த்தவர் எல்சி குவார்ட்டர்மன். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர், 1910இல் பிறந்து 2014 வரை வாழ்ந்தவர். டென்னசி கோன்ஃபிளவர் பூண்டோடு போய்விட்டது என்று எல்லோரும் கைவிட்டிருந்த காலம். 1960களின் கடைசியில் அது அங்கேயே இருப்பதை அவர் கண்டுகொண்டார். உலகத்தில் வேறெங்கும் தானாக வளராத செடி, நாஷ்வில்லைச் சுற்றிய மூன்று கவுண்டிகளில் மட்டும் பிழைத்திருந்தது. 1979இல் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் ஏறியது. நிலம் வாங்கிக் காத்தார்கள், விதை சேர்த்து நட்டார்கள். 2011இல் பட்டியலிலிருந்து இறங்கியது. அப்போது எல்சி அம்மாவுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வறட்சியைத் தாங்கும் செடி என்கிற பேச்சே எனக்கு இப்போது பிடிப்பதில்லை. நல்ல மண்ணில் உயரமான செடிகள் முந்திக்கொண்டு வளர்ந்து நிழல் கட்டிவிடும், டென்னசி கோன்ஃபிளவர் அந்த நிழலில் நலிந்து போகும். அந்த வெளியிலோ, வந்து மூடக்கூடியதையெல்லாம் கோடை காயப்போட்டுவிடுகிறது. மாடு நுழையாமல் நாம் முள் அடைப்பதுபோல, வறட்சிதான் அதற்கு வேலி.

பெரியவர் கொட்டிய ஜல்லியில் இப்போது ஏழு செடிகள். உரம் கிடையாது. இந்தக் கோடையில் நான் தண்ணீரும் விடவில்லை. வாடிய பூவை வெட்டுவதில்லை, ஆகஸ்டில் மஞ்சள் கோல்ட்ஃபிஞ்ச் குருவிகள் விதைக்கு வந்து தலைகீழாகத் தொங்கும்.

இந்த வகையின் பூக்கள் கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். என் சமையலறை ஜன்னலோ செடிகளுக்கு மேற்கே இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும். அதனால் காலையில் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு சுற்றிப்போய், பெரியவர் வீட்டு வேலியோரம் நின்றுகொள்கிறேன். இன்றைக்கு ஐந்து பூ விரிந்திருந்தது.