கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

முதியவர்களின் மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டால், சுற்றுச்சூழல் அவர்களை எங்கே, எப்போது வருத்துகின்றது என்பதைத் துல்லியமாக அறிந்துவிடலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பட்டியிலுள்ள உணரி தோலின்மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி நாடித்துடிப்பைக் கணிக்கும். வியர்வையினால் தோலின் மின்கடத்துதிறன் மாறுவதைப் பதியும். தோலின் வெப்பநிலையையும் அளக்கும். செய்மதிவழி இடங்காணும் வசதியும் சேர்ந்தால், உடைந்த நடைபாதையில் முதியவரின் உடல் பதறியதா, வாகனங்கள் இரையும் சந்தியில் பதறியதா என்று வரைபடமே கீறிவிடலாமாம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கின்றது. ஆனால் உடைந்த நடைபாதை முதியவர்களுக்கு ஆபத்தானது என்பதை அறிய இலத்திரனியல் கருவி ஏன் தேவைப்படுகின்றது என்பதே என் கேள்வி. அந்த வழியால் கோல் ஊன்றி நடக்கும் ஒருவரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாரே!

கருவியின் வாக்குமூலத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. அச்சத்திலும் நாடி விரைகின்றது. பேரப்பிள்ளையைக் கண்ட மகிழ்ச்சியிலும் விரைகின்றது. எது எதுவென்று தோலுக்குத் தெரியாது. வயது ஏற ஏற வியர்வைச் சுரப்பிகளின் வேகம் தணிகின்றது. உயர் இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் வழங்கப்படும் பீற்றா தடுப்பு மருந்துகள் நாடித்துடிப்பை உயரவிடாமல் பிடித்து வைக்கின்றன. ஆக, யாருக்காக இந்தக் கருவி என்கிறார்களோ, அவர்களுடைய உடலைப் படிப்பதே அதற்கு மிகக் கடினம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முதியவர்கள் மடிவது அவர்களுடைய துன்பம் எவருக்கும் தெரியாததனாலா? நடந்ததைப் பார்ப்போம்.

2021ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் கனடாவின் பிரித்தானிய கொலம்பியா மாகாணத்தை வெப்ப அலை தாக்கியது. லிற்றன் என்ற ஊரில் 49.6 பாகை செல்சியஸ் பதிவானது. ஜூன் 25 முதல் ஜூலை 1 வரையான ஒரு வாரத்தில் மாத்திரம் அம்மாகாணத்தில் 619 பேர் வெப்பத்தினால் மாண்டனர். மரண விசாரணை அதிகாரிகளின் அறிக்கை 2022இல் வெளியானது. இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 70 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். அரைவாசிக்கு மேற்பட்டோர் தனியே வாழ்ந்தவர்கள். நூற்றுக்கு 98 பேர் கட்டடங்களுக்கு உள்ளேயே இறந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் போதிய குளிரூட்டும் வசதி இருக்கவில்லை.

வானிலை அவதானிகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைக்கும் பொது நிறுவனங்கள் செயலில் இறங்கியதற்கும் இடையே தாமதம் இருந்ததை அறிக்கையே ஒப்புக்கொள்கின்றது. அவசர உதவிக்குத் தொலைபேசியில் அழைத்தவர்களிற் சிலர் நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தது. மணிக்கட்டுப் பட்டி இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? அதுவும் அதே வரிசையில் நின்று மணி அடித்திருக்கும். அவ்வளவுதான்.

1995ஆம் ஆண்டு ஜூலையில் சிக்காகோ நகரில் வெப்ப அலையினால் ஏற்பட்ட மேலதிக மரணங்கள் 739 எனக் கணிக்கப்பட்டன. அதனை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனன்பேர்க், அருகருகே இருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். வறுமையிலும் தனித்து வாழும் முதியோர் தொகையிலும் அவை ஒத்தவை. ஆயினும் வடக்கு லோன்டேலில் ஓர் இலட்சம் பேருக்கு 40 பேர் இறக்க, பக்கத்திலேயே தெற்கு லோன்டேலில் 4 பேரே இறந்தனர். பின்னையதில் கடைகளும் நெருக்கமான தெருக்களும் சனநடமாட்டமும் இருந்தன. முதியவர்கள் அச்சமின்றி வெளியே வந்தார்கள். முன்னையது வெறிச்சோடிக் கிடந்தது. உயிர் காத்தது அயல்.

உணரிகளால் பயனே இல்லையென்று நான் வாதிடவில்லை. மறதி நோயுற்ற ஒருவர் வெக்கையையும் தாகத்தையும் சொல்லத் தெரியாமல் கிடக்கலாம். அவருக்கு அது உதவக்கூடும். ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். பதிவாகும் தகவல் அணிந்தவருக்கே உரியதாக இருக்க வேண்டும். காப்புறுதிக் கம்பனிகளின் கைக்குப் போகக் கூடாது. அபாய ஒலி எழுந்தால் குறித்த நேரத்துள் கதவைத் தட்ட ஓர் ஆள் இருக்க வேண்டும். வரைபடம் கீறியவர்கள் நடைபாதையைச் செப்பனிடும் திகதியையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும்.

இவற்றுக்கு முன் செய்யக்கூடிய மலிவான காரியங்களும் உள. முதியவரின் அறைச் சுவரில் ஒரு சாதாரண வெப்பமானி. தனித்து வாழ்வோரின் பெயர்ப்பட்டியல். குளிரூட்டி வாங்க இயலாதோருக்கு அரசின் உதவி: பிரித்தானிய கொலம்பியா அரசு 2023இல் இதற்கெனப் பத்து மில்லியன் டொலரை ஒதுக்கியது. 619 பேர் இறந்து இரண்டு ஆண்டுகளின் பின்னர்!

எம்மவர்கள் பலரின் பெற்றோரும் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் தொடர்மாடி வீடுகளில் பகலெல்லாம் தனித்திருக்கிறார்கள். பிறந்தநாள் பரிசாக அவர்களுக்கு ஒரு கைப்பட்டியை வாங்கிக் கொடுப்பது இலகு. வெக்கை நாளில் இரண்டு தடவை அழைத்து, "தண்ணீர் குடித்தீர்களா அம்மா, அறை சூடாக இருக்கிறதா?" என்று கேட்பதற்குத்தான் எமக்கு நேரமில்லை.

கைப்புண் கண்ணுக்குத் தெரிகின்றது. வேண்டியது மருந்து.