முதலில் தெரிவது துணைக்குத்தான்

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில், 1901 நவம்பரில், ஆகுஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண் சேர்க்கப்பட்டார். கணவர் ரயில்வே எழுத்தர். ஆகுஸ்டயைப் பரிசோதித்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், நோயின் முதல் அறிகுறியாகப் பின்னாளில் எழுதியது மறதியை அல்ல, கணவர்மீது எழுந்த பொறாமையையும் சந்தேகத்தையும். நினைவு வேகமாகச் சரிந்தது அதன் பிறகுதான். மருத்துவமனையில் கணவரின் பெயரைக் கேட்டபோது, அவர் தன் பெயரையே சொன்னார். 1906இல் அவர் இறந்ததும் மூளையைச் சோதித்து அல்சைமர் விவரித்த நோய்க்கு, 1910இல் அந்த மருத்துவரின் பெயரே சூட்டப்பட்டது.

அல்சைமர் என்றதும் இன்று நமக்கு நினைவு வருவது எண்பது வயதுத் தாத்தாவோ பாட்டியோதான். அந்த நோய் மருத்துவ ஏட்டில் ஏறியதோ நடுவயதுப் பெண் ஒருவரின் வழியாக. அதுவும் வெளியே தெரிந்தபோது, கணவன் மனைவிக்கு இடையிலான தகராறாகத்தான் தெரிந்தது. அல்சைமர் உட்பட, 65 வயதுக்கு முன்பே தொடங்கும் டிமென்ஷியா பல வீடுகளில் இன்றும் இப்படித்தான் நுழைகிறது.

உலக அளவில் 30 முதல் 64 வயதுவரை உள்ளவர்களில் லட்சத்துக்கு 119 பேருக்கு இந்தப் பாதிப்பு இருக்கலாம் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று அடிக்கடி சொல்லப்படும் கணக்கு, 60 வயதைக் கடந்தவர்களை மட்டுமே எண்ணியது. ஐம்பது வயதில் நோய்க்கு ஆளானவரும் அவருடைய துணையும் அந்தக் கணக்கில் இல்லை.

இளம் வயதில் அதிகம் காணப்படும் வகைகளில் ஒன்று, மூளையின் நெற்றிப் பகுதியையும் பொட்டுப் பகுதியையும் தாக்குவது. இதில் நினைவாற்றல் தொடக்கத்தில் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பரிவும் கூச்சமும் பொறுப்புணர்வும்தான் முதலில் போகும். மனைவி காய்ச்சலில் கிடந்தாலும், கணவர் ராத்திரிக்கு என்ன சாப்பாடு என்று கேட்பார். சேமிப்பை யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து டிவி பார்ப்பார். ‘வேலை டென்ஷன், நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்’ என்பார் மாமியார். வெளியாட்களிடம் ஒரு மணி நேரம் இயல்பாகப் பேசிவிடுவதால், மனைவியின் புகாரை யாரும் நம்பமாட்டார்கள். நோயாளி மனைவியாக இருந்தால் பழி வேறு விதமாக வரும். அடுப்பை அணைக்க மறந்தால் பொறுப்பில்லாதவள். எரிந்து விழுந்தால் ‘மாதவிடாய் நிக்கிற வயசு’. கடைசியில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதும் நடக்கிறது.

நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், நோய் இன்னதென்று உறுதியாக இளம் வயதினருக்குச் சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது; முதியவர்களுக்கு மூன்றுக்கும் குறைவு. அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு மணவாழ்க்கை என்னவாகும்? தன்மீது அன்பு போய்விட்டது என்று நம்பித் துணைக்கு மனம் விட்டுப்போகும். சிலர் பிரிந்தேவிடுகிறார்கள். பிறகு நோயின் பெயர் தெரியவரும்போது, ‘நோயாளியிடமா இத்தனை நாள் சண்டை போட்டேன்’ என்ற குற்றவுணர்வு வந்து உட்காரும். இதில் துணையின் குற்றம் எதுவும் இல்லை. மாற்றத்தை எல்லாருக்கும் முன்னால் அவர்தான் பார்த்தார். கேட்கத்தான் ஆள் இல்லை. ஆகவே, ‘முன்பு இருந்தவர் இவர் இல்லை’ என்று இருபது ஆண்டு கூட வாழ்ந்தவர் சொல்வதை மருத்துவர்கள் ஓர் அறிகுறியாகவே பதிவுசெய்ய வேண்டும். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எந்த மனைவியும் முழுதாகச் சொல்லமாட்டார். அவரிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசுவது, எந்த ஸ்கேனுக்கும் குறைந்த பரிசோதனை இல்லை.

தாம்பத்தியத்தைப் பற்றியும் மருத்துவரே முன்வந்து கேட்க வேண்டும். ஐம்பது வயதில் அது முடிந்துபோன கதை அல்ல. பகலெல்லாம் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ஊட்டிவிட்ட ஒருவரோடு இரவில் துணையாக இருக்கப் பலருக்கு மனம் வராது. சில நோயாளிகளுக்கு வேட்கை கட்டுமீறும். சிலருக்கு அணைத்துக்கொள்ளவே தோன்றாது. இதை உடன்பிறந்தவர்களிடம்கூடச் சொல்ல முடியாது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானரின் கணவர் ஜானுக்கு ஏறக்குறைய 60 வயதில் அல்சைமர் கண்டறியப்பட்டது. அவரைக் கவனித்துக்கொள்ள 2006இல் சாண்ட்ரா பதவியைவிட்டு விலகினார். பராமரிப்பு இல்லத்துக்குப் போன ஜான், அங்கிருந்த வேறொரு பெண்ணின்மேல் காதல் கொண்டார். கணவர் நிம்மதியாக இருப்பதில் அம்மாவுக்கு மகிழ்ச்சிதான் என்று மகன் 2007இல் தொலைக்காட்சியிடம் சொன்னார். அந்தப் பெருந்தன்மையை வணங்கலாம். எல்லாரிடமும் எதிர்பார்க்கக் கூடாது. அதற்குள் இருந்திருக்கக்கூடிய துக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. இறந்தவருக்காக அழ நம்மிடம் பதினாறு நாள் உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவரை இழந்ததற்கு அழுதால், ‘ஆள் நல்லாத்தானே இருக்கார்’ என்பார்கள்.

சட்டமும் கிட்டத்தட்ட அதையே சொல்கிறது. கணவர் முன்பே பவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், அவர் சித்த சுவாதீனம் இழந்ததும் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அது செல்லாது. தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும் பத்திரம் அது. பாதுகாவலரை நியமிக்க வழிசெய்யும் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் டிமென்ஷியா இல்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி நியமிக்கப்படும் பிரதிநிதிக்குச் சிகிச்சையில்தான் பங்கு, சொத்தில் இல்லை. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்கவே, 2024இல் ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடுவரை போக வேண்டியிருந்தது. டிமென்ஷியா நோயாளியோ எழுந்து நடப்பார், கேட்பவருக்கெல்லாம் கையெழுத்தும் போடுவார். வீட்டுக்கடன் தவணையும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணமும் நிற்கும் வயதில் இது நடக்கிறது.

அந்தக் கையெழுத்துகளில் ஒன்று ராஜினாமாக் கடிதமாகவும் இருக்கலாம். பணிக்காலத்தில் மாற்றுத்திறன் நிலைக்கு ஆளாகும் அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். நினைவைக் கடுமையாகப் பாதிக்கும் கோளாறும் அதன் வரையறைக்குள் வருகிறது. மெமோக்களுக்கும் அவமானத்துக்கும் நடுவே, நோய் இன்னதென்று தெரியுமுன்பே வேலையை விடுபவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. நடத்தை திடீரென மாறிய நடுவயது ஊழியர் கடிதம் நீட்டினால், அதை ஏற்பதற்கு முன் அலுவலகம் அவரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; வீட்டுக்கும் ஒரு போன் செய்து துணையிடம் விசாரிக்க வேண்டும்.