குழியைக் காட்டினால் போதாது, சாலை யாருடையது என்று கேளுங்கள்!

தோட்டப்புற உறவுகளே!

செம்பனை லாரிகள் உடைத்துப்போட்ட சாலையில்தான் பிள்ளையை மோட்டாரில் ஏற்றித் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோகிறீர்கள். மழை பெய்தால் குழி எங்கே என்றே தெரியாது. புகார் செய்தால்? "இது தோட்டத்துச் சாலை" என்கிறது மாவட்ட மன்றம். "அரசாங்கத்திடம் கேள்" என்கிறது நிர்வாகம். தேர்தல் வந்தால் மட்டும் ஒரு லாரி கல் கொட்டப்படும்!

ஏன் இந்தப் பந்தாட்டம்? கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆவது பிரிவுப்படி மாநிலங்களுக்குச் சாலை மானியம் கிடைக்கிறது. 'மாரிஸ்' பதிவில் ஏறிய சாலைகளுக்கே அந்தப் பணம். நிறுவன நிலத்தில் ஓடும் தனியார் சாலை பொதுவாக அதில் ஏறுவதில்லை. நாம் கட்டும் வரிக்குத் தோட்டத்து வாசல் தடையில்லை, தாருக்கு மட்டும் தடை!

ஆகவே, படம் எடுத்து அனுப்புவதோடு நிற்காதீர்கள். "எங்கள் சாலை மாரிஸில் உள்ளதா?" என்று மாவட்ட மன்றத்திடமும் ஜேகேஆரிடமும் எழுத்தில் கேளுங்கள். குடியிருப்போர் அனைவரும் கையெழுத்திடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள்.

பதிவில் இருந்தால், பணம் எங்கே? இல்லையென்றால், 1960ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் எதற்கு? நெடுஞ்சாலைக்காகத் தோட்டத்தை எடுக்கத் தெரிந்த அரசுக்கு, தோட்டத்து மக்களின் சாலையை எடுக்கத் தெரியாதா?

சலுகை அல்ல, உரிமை. கேளுங்கள்!