தூண் இங்கே, மலை அங்கே

புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் மலை கிடையாது. கிழக்கே கடல், கரையில் வலை, படகு. ஆனாலும் மாலையில் காற்று வாங்கக் கடற்கரைச் சாலைக்குப் போகும் குப்பத்துக்காரர், ஒரு மலைக்கோட்டையின் மிச்சத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்களும் செஞ்சியிலிருந்து வந்தவை என்பது ஊரறிந்த செய்தி. 1750இல் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தது. 1761இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தது. கோட்டை கைவிட்டுப் போனது; தூண்கள் இங்கேயே தங்கிவிட்டன.

தூண்களோடு செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேர் அந்த மலையில் கால் வைத்திருப்பார்கள்? நடக்க ஆசைப்பட்டால் கொடைக்கானல், மூணாறு என்றுதான் புதுச்சேரி இளைஞர்கள் வண்டி பிடிக்கிறார்கள். திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர் போனால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள் நிற்கின்றன. ஒரு பகல் நடைக்கு இதைவிடப் பக்கத்தில் நல்ல மலை இவர்களுக்கு வேறில்லை.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடிதான். எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. படிகள் ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாதவை. பத்து மணிக்கு மேல் பாறை அடுப்புக் கல்லாகிவிடும். மூச்சு வாங்க நின்றால் குரங்கு வந்து பையைச் சோதனை போடும். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து நிற்கிறது: 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் எந்தப் படையும் மேலே போக முடியாது. சிவாஜியின் மகன் ராஜாராமை உள்ளே வைத்துக்கொண்டு, முகலாய முற்றுகைக்கு 1698 வரை இந்தக் கோட்டை எப்படித் தாக்குப்பிடித்தது என்பது அங்கே நின்று கீழே பார்த்தால் புரிந்துவிடும். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான்.

பகல் கதை இது. இரவு நடை வேறு.

தமிழர்களுக்கு இரவில் மலையேறுவது புதிதல்ல. கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளியங்கிரிக்கு மூங்கில் தடி ஊன்றி இருட்டில் ஏறுகிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் பாறையில் அறைந்த கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். பக்தியோடு போகிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமை இரவு பைக்கை எடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் காட்டுக்குள் கூடாரம் போடப் போகிறவர்கள்தான் கவலை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போன 23 பேரைக் காட்டுத்தீ பலிகொண்டது. கோடையில் காய்ந்த புல் எவ்வளவு வேகமாக எரியும் என்பது நகரத்துக் கால்களுக்குத் தெரியாது. மழையும் அப்படித்தான். 2024 நவம்பர் கடைசியில் புதுச்சேரியைத் தெப்பமாக நனைத்த ஃபெஞ்சல் புயல், மறுநாளே திருவண்ணாமலையில் மண்ணைச் சரித்து ஏழு பேரைப் புதைத்தது. நம் கடற்கரையில் கரையேறிய அதே புயல்தான்.

குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு விதிகளை இறுக்கியது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்து, உள்ளூர் வழிகாட்டிகளோடு நடக்கத் திறந்துவிட்டது. நல்ல வேலை. ஆனால் அந்தப் பாதைகளில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். வடக்கு மாவட்டத்துக்காரருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் ஜவ்வாது மலைதான் கைக்கெட்டும் காடு. காவலூரில் தொலைநோக்கி வைக்கும் அளவுக்கு இருண்ட வானம் அங்கே உண்டு. அந்த மலையில் வழிகாட்டியோடு ஓரிரவு தங்கி நடக்கும் பாதை ஒன்றை வனத்துறை ஒழுங்காக நடத்த வேண்டும். வழிகாட்டும் வேலையும் வருமானமும் மலைவாழ் மக்களுக்கே போக வேண்டும். முறையான வழி இருந்தால் திருட்டுக் கூடாரங்கள் தானாகவே குறையும்.

அதுவரை செஞ்சி இருக்கிறது. விடியற்காலைப் பேருந்தைப் பிடியுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். தின்பண்டத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாதீர்கள், பாதி வழிகூட உங்களிடம் இருக்காது.