லட்சுமி யார் ஜாடை?

கெங்கவல்லியில் எங்கள் ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை. சுவரில் பழைய லட்சுமி படம். தாமரை மேல் நிற்பாள், பக்கத்தில் யானை. அதற்கு ஊதுபத்தி காட்டாமல் கடைக்கார அண்ணன் பாய்லரைத் தொட மாட்டார்.

"அண்ணே, இது ரவிவர்மா வரைஞ்ச லட்சுமி!" என்றேன்.

"யாரு வரைஞ்சா என்னங்க, பழைய பாக்கி நாப்பது ரூவா நிக்குது" என்றார். கலை ரசனை!

கூட வந்த பக்கத்து சீட் நண்பர் விடவில்லை. "அந்த ஓவியருக்கும் மாடலுக்கும் லவ்வாமே சார்! சினிமாவே வந்துச்சே!"

வந்தது. ரஞ்சித் தேசாய் 1984-ல் மராத்தியில் எழுதிய நாவலை, கேத்தன் மேத்தா 'ரங் ரசியா' என்று இந்தியில் எடுத்தார். 2014-ல் ரிலீஸ். அதில் வரும் காதலி சுகந்தா. கதைக்காகப் பிறந்தவள்!

நிஜ ரவிவர்மா 1848-ல் கிளிமானூரில் பிறந்தவர். மாடல்களை உட்கார வைத்து வரைந்தார். 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்டார். கோயிலுக்குள் விடப்படாதவர்கள் வீட்டுக்கும் காகிதத்தில் சாமி போனது. ஆனால் கடன் கழுத்தை நெரிக்க, 1901-ல் ஒரு ஜெர்மன்காரருக்கு அச்சகத்தை விற்றார். 1906-ல் மறைந்தார். அவர் பேர் நிலைத்துவிட்டது. உட்கார்ந்த பெண்கள் பலரின் பேர்? காணோம். வம்பு மட்டும் மிச்சம்.

"அதே கதைதான் சார் நம்ம கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பொண்ணு..." என்று நண்பர் கண்ணடித்தார்.

எனக்கு டீ இறங்கவில்லை. ஒரு மழை நாளில் பஸ் வராமல், ஆத்தூர் வரை சூப்பரின்டெண்ட் பைக்கில் போனாள் அந்தப் பெண். அவ்வளவுதான் நடந்தது. மறுநாளே ஆபீசில் நாவல் ரெடி! அதில் இரண்டு அத்தியாயம் அடியேன் உபயம். (சிரிக்காதீங்க, உங்க ஆபீசிலும் ஒரு நாவல் ஓடிட்டுத்தான் இருக்கும்.)

போன மாசம் அவள் டிரான்ஸ்பர் கேட்டு எழுதிக் கொடுத்தாள். கிடைத்துவிட்டது. சூப்பரின்டெண்ட்? அதே நாற்காலி, அதே ஃபேன் காற்று!

சுவரில் இருக்கும் பெண்ணுக்குக் கற்பூரம். சீட்டில் இருக்கும் பெண்ணுக்குக் கதை. நல்லா இருக்கு நம்ம பக்தி!

நாற்பது ரூபாயை அன்றைக்கே கொடுத்துவிட்டேன். இன்னொரு பாக்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமை அவள் ரிலீவ் ஆகிறாள். அதற்குள் நேரில் போய், "தப்பு பண்ணிட்டேம்மா" என்று சொல்லியாக வேண்டும்.

கால் ஏனோ டீக்கடைப் பக்கமே இழுக்கிறது.