கல்லை நம்பினோம்

ஜப்பானின் தொன்மையான இசே ஷிண்டோ ஆலயத்தை இருபது ஆண்டுக்கொருமுறை புதிதாய் எழுப்புகின்றனர். 2013இல் நிகழ்ந்தது 62ஆம் முறை. மரம் மட்கினும் தச்சரின் கைத்திறன் தலைமுறை தாண்டுகிறது.

நாமோ கல்லை நம்பினோம். கண்டெய்னர் லாரிகளின் நெரிசலைக் கடந்து திருவொற்றியூர்க் கோயிலுக்குள் நுழைந்தால், முதலாம் இராசேந்திரன் காலத்துத் தூங்கானை மாட விமானம் நிற்கிறது. கட்டியவன் ரவி என்னும் வீரசோழத் தச்சன் என்பதைக் கல்வெட்டே காத்துத் தந்தது. கார்த்திகையில் மூன்று நாள் மட்டும் ஆதிபுரீசுவரரின் கவசம் நீங்கும், கூட்டம் அலைமோதும். ஆண்டெல்லாம் கவசமின்றி நிற்கும் கல்வெட்டை நாடுவார் அரியர். தமிழில் முதுகலை பயின்ற நாமே அதன்முன் எழுத்துக்கூட்டித் தடுமாறுகிறோம். கல் அழியவில்லை, வாசிக்கும் கல்வி அழிகிறது.

தமிழ்த்துறைகள் ஆண்டுக்கொரு நாளேனும் மாணவரை அச்சுவரின்முன் அமர்த்தட்டும். நாமும் உடன் அமர்ந்து கற்போம்.